நான் தொலைந்துபோன ஞாயிற்றுக்கிழமை

சிறுவயதில் நான் ஒருமுறை தொலைந்துபோனேன் என்பது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் அதில் இன்றுவரை உடன்பாடில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த அத்தை, அப்பாவின் தங்கை, நன்றாகப் படம் வரைவாள். துறைமுக விழாவில் பழைய பாய்மரத் தோணிகளை நிறுத்திவைத்து ஓவியர்களை வரைய விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தாள். அதே ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருவதாக, முந்தின நாள்தான் பூந்தமல்லியிலிருந்து போன் வந்தது. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அத்தையோ துறைமுகத்துக்குப் போயே தீருவேன் என்றாள். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்து, தன் கைக்கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டார்.

"மூணு மணிக்கெல்லாம் அத்தைய ஊட்டுக்கு இட்டுகினு வந்துடணும், இன்னா?"

அப்பா என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது. கொரட்டூரில் ரயில் ஏறியதிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முழங்கைக்குச் சரிந்த கடிகாரத்தை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

துறைமுகத்தில் அத்தை ஒரு தோணியைப் பென்சிலால் வரைந்து வண்ணம் தொட்ட நேரம், காற்று மாறியது. தோணி கட்டிய கயிற்றோடு மெல்லத் திரும்பி, எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. பக்கத்திலிருந்தவர்கள் சலித்துக்கொண்டு, போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்து மீதியை முடித்தார்கள். அத்தை மட்டும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

"அத்தை, மணி ரெண்டாவுது."

"பாய் ஒண்ணுதான் பாக்கி கண்ணு. முட்சிட்டுப் போலாம்."

பாய் முடிந்ததும் கயிறு வந்தது. கயிறு முடிந்ததும் தண்ணீரில் விழுந்த நிழல் வந்தது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அப்பாவிடம் பேச போனைக் கேட்டால் சார்ஜ் இல்லை என்றாள். மூன்று தாண்டியதும் அழுதேவிட்டேன். எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அத்தை நிதானமாக நீலம் குழைத்தாள். இந்தப் பொறுப்பில்லாதவளை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று எனக்கு நிஜமாகவே கவலையாக இருந்தது.

நாலரைக்குத்தான் திரும்பும் ரயில் ஏறினோம். உட்கார்ந்ததும் அத்தை போனை ஆன் செய்தாள். சார்ஜ் வேண்டிய மட்டும் இருந்தது. கேம் விளையாடு என்று கொடுத்தாள், நானும் வாங்கி விளையாடினேன்.

வீட்டில் பஜ்ஜித் தட்டுகள் காலியாகக் கிடந்தன. வந்தவர்கள் போய்விட்டார்கள். அப்பா வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"நான் இன்னா பண்றது அண்ணா? கூட்டத்துல பாப்பா காணாமப் பூட்டா. தேடித் தேடி உசுரே போச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாள் முழுக்க அவள் பக்கத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்து நச்சரித்தவள் நான். "நான் எங்கியும்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், அம்மா ஓடிவந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கொயந்த பயந்து போய் கீது. இப்ப ஒண்ணும் கேக்காதீங்க."

உண்மையைச் சொல்ல நான் திமிறத் திமிற அவள் பிடி இறுகியது. முகம் புடவையில் புதைந்து மூச்சு முட்டியது. அப்பாவின் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. கிடைத்தாளே, அது போதும் என்று என் தலையைத் தடவினார்.

அவ்வளவு ஆத்திரத்திலும், அம்மாவுக்கு என்மேல் இத்தனை பாசமா என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே தொலைந்தாய், எப்படிக் கிடைத்தாய் என்று அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.