பதினாலாம் நம்பர் பாட்டின் முதல் நாலு நிமிஷம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. வட சென்னை டோல்கேட்டில் ஒரு டீக்கடை வாசலில் ஐந்து ஆண்கள் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"மாமு, எங்க கீற? எல்லாரும் வந்தாச்சு" என்று என் போனுக்கு மெசேஜ் வந்தது. அனுப்பியவர் மூன்றடி தள்ளி, கையில் டீ கிளாஸோடு.

"உங்க பின்னாடிதான்" என்றேன்.

திரும்பினார். என் தலைக்கு மேலே தேடினார். இடப்பக்கம் தேடினார். கடைசியில்தான் என்னைப் பார்த்தார்.

"ட்ரெபிள்... நீயா? பொண்ணா நீ?"

இரண்டு வருடமாக தினமும் "மாமு", "தலைவா", "இன்னாடா லேட்டு" என்று சாட்டில் உயிரை எடுத்தவர். அதற்குப் பிறகு அரை மணி நேரம் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தார். கடைசியில், "டீ சாப்டறீங்களா... மேடம்?" மேடமாம்!

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் ஒரு வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின். அங்கே என் பெயர் 'திருவொற்றியூர் ட்ரெபிள்'. என்னை மேடமாக்கியவர் 'புளியந்தோப்பு பாஸ்'. நிஜப் பெயர் ராஜேஷ், டோலக் வாசிக்கிறவர். நாங்கள் சேர்ப்பது மரண கானா. சாவு வீட்டில் பாடுகிற கானா. எங்கள் ஏரியாவில் இது இல்லாமல் யாரையும் அனுப்பி வைக்க மாட்டார்கள். பாடகர் வந்து உட்கார்ந்ததும் வீட்டு ஆளிடம் விசாரிப்பார். செத்தவர் பேர் என்ன? கூடப் பிறந்தது எத்தனை? எதை விரும்பிச் சாப்பிடுவார்? கொஞ்ச நேரத்தில் அத்தனையும் பாட்டில் வந்து விழும். கேட்டிருக்கிறீர்களா? கேட்டால் விட மாட்டீர்கள்.

யாராவது போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புவார்கள். அதைச் சுத்தம் செய்வது என் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஃபேன் சத்தம், சேர் இழுக்கிற சத்தம், ஆட்டோ ஹாரன், தொண்டைச் செருமல்... எல்லாம் காலி. பாட்டு மட்டும் கழுவி வைத்த கண்ணாடி மாதிரி நிற்கும். "உனக்கு இன்னா காது மாமு!" என்பார்கள். பிறகு எல்லோரும் ஸ்டார் போடுவோம். ஆமாம், சாவு வீட்டுப் பாட்டுக்கு ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று... இதை எழுதும்போதே கை கூசுகிறது.

ஆன்லைன் சிநேகத்தில் இது ஒரு வசதி. அடுத்தவர் ரசனை அத்துப்படியாகத் தெரியும். முகம் தெரியாது. முகம் தெரியாத வரைக்கும் கூச்சமும் கிடையாது.

இரண்டாவது டீ வருவதற்குள் பேச்சு பதினாலாம் நம்பர் பாட்டுக்கு வந்துவிட்டது. குரூப்பில் எல்லோருக்கும் செல்லம் அது. பாஸ் டோலக் வாசித்தது, பாஸ் போனில் பதிவானது, நான் சுத்தம் செய்தது.

"மூணாவது நிமிஷத்துல டோலக் நிக்கும் பாரு, கரெக்டா அப்போ ஒரு அம்மா அழுவும். இன்னா டைமிங் மாமு... ச்சே, மேடம்!" என்றார் பாஸ்.

சிரித்தோம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். குரூப்பில் 'மணலி டேங்கர்'. எட்டு மாதமாக இருக்கிறார், ஒரு வார்த்தை எழுதியதில்லை. எந்தப் பாட்டு போட்டாலும் முதல் ஆளாக ஒரு கும்பிடு எமோஜி, அவ்வளவுதான்.

"அது எங்கம்மா" என்றார்.

பாஸ் கையிலிருந்த கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

மணலி டேங்கரின் நிஜப் பெயர் லோகநாதன். டேங்கர் லாரி ஓட்டுகிறார். பதினாலாம் நம்பர், அவர் தம்பி செத்த அன்று பாடியது. மணலியில் லோடுக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்து லாரியில் யாரோ போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்க, அதில் தம்பி பேர் வந்திருக்கிறது. இறங்கிப் போய் விசாரித்து, லிங்க் வாங்கி எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார்.

"அண்ணே, மன்சுல வச்சிக்காத. நாங்க சும்மா சவுண்டு மேட்டரா..." என்று இழுத்தார் பாஸ்.

"அட, வுடு பா. நீதான டோலக்கு? ஞாபகம் கீது. நல்லாத்தான் வாசிச்ச." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, வெட்டி ஒட்டறது எல்லாம் நீதானாமே? பாட்டுக்கு முன்னாடி பாடுறவரு கேக்கக் கேக்க எங்கம்மா தம்பியப் பத்தி சொல்லிச்சு. அது எங்க மா?"

"அம்மா இப்போ..?" என்றேன்.

"ஐப்பசில பூட்ச்சு. போட்டோ கீது. கல்யாண வீடியோகூட கீது. அதுல பூரா சினிமா பாட்ட போட்டு வுட்டானுங்க, ஒர்த்தர் பேசறதும் கேக்காது. உன் பாட்ல எங்கம்மா அழுவுற சத்தம் கீது. அதையே எத்தினி நாளு கேட்டுகினு இருக்கறது, சொல்லு? பேசுற சத்தம் வோணும் மா."

பாஸின் போன் வெள்ளத்தில் போய்விட்டது. மிச்சம் இருப்பது நான்தான்.

"வீட்ல தேடிப் பார்க்கறேன் அண்ணா" என்றேன். பொய். அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

அவர் பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். உள்ளே ஒரு ஹெட்போன். டப்பாகூடப் பிரிக்கவில்லை. "போன் ஸ்பீக்கர்ல கேக்கறவன் மன்ஷனே இல்லன்னு குரூப்ல எழுதுவியே... இன்னிக்கே கேட்டுடலாம்னு வாங்கியாந்தேன். பரவால்ல, நீ பொறுமையா தேடு."

அப்படி எழுதியது நான்தான். ஜோக்காக.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். போன வருடம் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று, வெட்டாத ஃபைல்கள் இருந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்தவள் நான். அழித்ததை மீட்கும் சாஃப்ட்வேர் போட்டு இரண்டு நாள் தோண்டினேன். எது எதுவோ வந்தது. காலேஜ் புராஜெக்ட் வந்தது, பழைய ரெஸ்யூம் வந்தது. அது வரவில்லை. என் எக்செல் ஷீட்டில் மட்டும் பதினாலாம் வரிசை பத்திரமாக இருந்தது: 'முதல் 4 நிமிஷம் 10 செகண்ட் — வெறும் பேச்சு. வெட்டு.'

அழுகையைப் பாட்டுக்குப் பின்னணி, 'ஆம்பியன்ஸ்' என்று வைத்துக்கொண்டேன். பேச்சை 'நாய்ஸ்' என்று தூக்கிப் போட்டேன். அதற்கு ஐந்து ஸ்டாரும் வாங்கினேன்.

திங்கட்கிழமை மெசேஜ் வந்தது. "கெடச்சுதா மா?" பதில் போடவில்லை. செவ்வாய்க்கிழமை வெறும் கும்பிடு எமோஜி. அதற்கு மேல் தாங்க முடியாமல் புதன்கிழமை மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியில் நின்று போன் செய்தேன்.

"அண்ணா... அது இல்ல. நான்தான் அழிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்.

"சரி மா" என்றார். "தெரிஞ்சா பண்ண? வுடு."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போனை வைத்திருப்பேன்.

"ஒண்ணு கேக்கறேன் மா. வெட்றதுக்கு முன்னாடி நீ கேட்டிருப்ப இல்ல?"

"கேட்டேன் அண்ணா."

"அப்ப நீ சொல்லு. எங்கம்மா இன்னா பேசிச்சு? நான் அன்னிக்கு வெளிய பந்தல் போடறவனாண்ட நின்னுகினு இருந்தேன். ஒண்ணுமே காதுல வுழல."

எங்கே வெட்டுவது என்று பார்க்க ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் சேரை இழுக்கிற சத்தம் ஞாபகம் இருக்கிறது. இரண்டு ஷேர் ஆட்டோ ஹாரன். யாரோ இருமியது. மைக்கில் ஓயாமல் ஒரு கரண்ட் 'ம்ம்ம்' ஓடிக்கொண்டிருந்தது, அது ஐம்பது ஹெர்ட்ஸ் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒரு பெண் குரல். பேசிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தையாவது...

"லைன்ல கீறியா மா?" என்றார்.

"இருக்கேன் அண்ணா" என்றேன்.

ரொம்ப நல்ல காது என்று குரூப்பில் எனக்குப் பெயர்.