வெறும் தாழ்வு மண்டலம்

ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் நான் சூப்பர்வைசர். புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமத்து ஷபானா லீவு கேட்டாள்.

"எங்கூரு ஏரி ரொம்பிடுச்சு சார். எங்கம்மா நடக்க முடியாம தனியா இருக்குது."

செல்போனில் செய்தியைக் காட்டினேன். "புயல் வலுவிழந்து வெறும் தாழ்வு மண்டலம் ஆயிடுச்சும்மா. இதுக்குப் போயி லீவா? ஷிப்ட் முடிச்சிட்டுப் போ."

மதியம் ஏரி உடைந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா உயிரோடு இல்லை.

காற்றின் வேகத்தை வைத்துத்தான் புயலைத் தரம் பிரிக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். சூடான கடலிலிருந்து அது உறிஞ்சி வந்த தண்ணீருக்கு அந்தத் தரத்தில் இடமே இல்லை.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பிய ஷபானா, வராத நாட்களுக்கான லீவு படிவத்தை நீட்டினாள். காரணம் என்ற இடத்தில் 'மழை' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இந்த முறை உடனே கையெழுத்துப் போட்டேன்.