சாட்சிக் கையெழுத்து

அந்த முத்திரைத்தாளை மச்சான் ஒரு சைக்கிள் சீட்டின் மேல் விரித்துத்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார். என் கையெல்லாம் கிரீஸ். தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டு, பேனாவைத் திறந்து கொடுத்தார். மச்சான் என்றால் என் ஒரே தங்கையின் கணவர். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளின் தொடக்கம் அது. அங்கே வேலைக்கு வருகிறவர்களை நம்பி, சதுரங்கப்பட்டினத்தில் சாலையோரம் இருவருமாக வாடகை சைக்கிள் கடை போட்டோம். சைக்கிள் வாங்க எங்கள் வீட்டு உழவு மாடுகளை விற்றவன் நான். சைக்கிளுக்குத் தன் பேரில் பில் வாங்கியது, இடம் பேசியது, பஞ்சாயத்து லைசென்ஸ் எடுத்தது எல்லாம் அவர்.

"இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டேன்.

"கடை வாடகைப் பத்திரந்தான். உன் கையெழுத்தும் வோணும்ல" என்றார்.

எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் தங்கையைக் கட்டியவர் எதிரே நிற்கும்போது வரி வரியாகப் படித்தால், அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்று கூச்சப்பட்டேன். அவர் விரல் வைத்த இடத்தில் போட்டேன்.

நான்கு வருடம் பஞ்சர் ஒட்டியும் ரிம்முக்குக் கோட்டம் எடுத்தும் விரல்கள் காய்த்துப்போயின. கடை நன்றாக ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை போனால் கதவில் புதுப் பூட்டு. மச்சான் தன் தம்பியோடு நின்றிருந்தார்.

"இனிமே நீ வர வோணாம். கடை என் பேர்ல கீது."

குரலைக்கூட உயர்த்தவில்லை.

இடத்துக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்த பத்திரத்தோடு செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்து இருக்கிறதே என்ற தைரியம். கூட்டு வியாபாரம் என்று தனியாக எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பத்திரத்தைத் திருப்பி, என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது வாடகைதாரர் கையெழுத்து இல்லீங்க, சாட்சிக் கையெழுத்து. கடை அவருதுன்னு நீங்களே சாட்சி சொல்லியிருக்கீங்க. கேஸ் போடலாம். ஆனா கூட்டுன்னு நிரூபிக்க உங்ககிட்ட என்ன இருக்கு?"

எதுவும் இல்லை. அப்படியும் போட்டுப் பார்த்திருப்பேன். தங்கை வாழ்கிற வீட்டைக் கோர்ட்டுக்கு இழுக்க மனம் வராமல் விட்டுவிட்டேன். அவளுக்கு விஷயம் தெரிந்தால் உடைந்துபோவாள் என்றுகூட நினைத்தேன்.

சில வாரம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அவளாகவே சொன்னாள்.

"எனக்கு அப்பவே தெரியும்ணா. எழுதி எடுத்தாந்து என்கிட்டதான் மொதல்ல படிச்சுக் காட்னாரு. நீ படிச்சுப் பாப்பேன்னு நெனச்சேன்."

இப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. நான் வழக்குப் போடாமல் இருந்தது யாருக்காக என்று இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.