தோசை மாவும் மாப்பிள்ளைச் சட்டையும்

மதுரையிலிருந்து இலங்கையின் கிண்ணியாவுக்குக் குடிவந்த மூன்றே மாதத்தில், மண்ணெண்ணெய் அடுப்பால் திரைச்சீலையைக் கொளுத்தி, கிணற்றுக்குள் இரண்டு வாளிகளைத் தவறவிட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணமும் வைத்திருந்தேன். சனி, ஞாயிறு திருகோணமலை நகரத்தில் தங்கலாம் என்று கணவர் சொன்னதே வீட்டை என்னிடமிருந்து காப்பாற்றத்தான்.

மகள் தோசை தவிர எதையும் தொடமாட்டாள். காலிப் பால் பவுடர் டின்னில் தோசை மாவை நிரப்பி, துணிப்பைக்குள் வைத்தேன். “மூடியை இறுக்காதே” என்றார் கணவர். வேதியியல் பட்டதாரியான நான் இறுக்கித்தான் மூடினேன்.

நகரத்துக்குப் போகும் படகு பாதி வழி போனபோது பைக்குள் ஏதோ புடைத்தது. டின்னை வெளியே எடுத்தேன். மூடி பறந்தது. பையிலிருந்த எங்கள் மாற்றுத் துணிகளெல்லாம் மாவு. பக்கத்தில் நின்ற இளைஞனின் வெள்ளைச் சட்டையும் மாவு.

“வெயில்தான் காரணம்” என்று ஆரம்பித்தேன்.

“அக்கா, பிள்ளையின்ர கண்ணில படேல்லைத்தானே?” என்றான் அவன். பிறகுதான் தன் சட்டையைப் பார்த்தான். “பொம்பிளை பார்க்கப் போறன். இதோட போக ஏலாது.”

எனக்கு வெயில் மறந்துபோயிற்று. “என் தப்புதான் தம்பி” என்றேன். நான் சொன்னதை நம்பமுடியாமல் பார்த்த கணவர், தள்ளி நின்றதால் மாவு படாத தன் சட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினார். பனியனோடுதான் நகரத்தில் இறங்கினார்.

ஞாயிறு திரும்பும் படகிலும் அவன் இருந்தான்.

“போட்டிருக்கிற சேட் ஏன் இவ்வளவு பெரிசு எண்டு பொம்பிளையின்ர தகப்பன் கேட்டார். உள்ளதைச் சொன்னன். உள்ளுக்குள்ள பொம்பிளை சிரிச்சது கேட்டுது. சம்மதமாம், அக்கா.”

அதன்பிறகும் நான் நிறைய உடைத்திருக்கிறேன். காரணம் தேடுவதை மட்டும் விட்டுவிட்டேன்.