கரண்டு பத்தாத லயம்

தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வோல்டேஜுக்கு ஆளுக்கொரு பேச்சு இருந்தது. கொழும்புக் கடையில் வேலை செய்த மாமா வந்தால் ‘வோல்டேஜ் கம்மி’ என்பார். அப்பா ‘கரண்டு பத்தல’ என்பார். வயர் பார்க்க வந்த சிங்கள பாஸ், பல்பை அண்ணாந்து பார்த்து “செர மதி” என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த பிளேன்டியைக் குடித்துப் போனார். ‘மதி’ என்றால் போதாது; உறைப்பான மிளகாய்க்கும் கோபக்கார மனிதருக்கும்கூட சிங்களத்தில் அதே ‘செர’தான். இப்போது என் மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் ‘மின்னழுத்தம்’ என்று இருக்கிறது. எந்தப் பேச்சில் சொன்னால் என்ன, அப்போதெல்லாம் விளக்கு வைக்கும் நேரமானால் எங்கள் பல்பு பூசணிப்பூ நிறத்தில்தான் எரியும். எங்கள் காம்பரா லயத்தின் கடைசி வீடு. எல்லா வீட்டையும் தாண்டித்தான் கம்பி எங்களிடம் வரும்.

தம்பிக்கு இழுப்பு. டிக்கோயா ஆஸ்பத்திரியில் சொன்னபடி ஆவி பிடிக்கும் மெஷின் ஒன்றை மாமா வாங்கித் தந்திருந்தார். ஒரு மழை நாள் அந்தியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வந்தது. அன்றைக்கு ஸ்ரீலங்கா மேட்ச். லயம் முழுக்க டிவி அலறிக்கொண்டிருந்தது. மெஷினைப் போட்டோம். முனகிவிட்டு நின்றது.

“ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்காம், சுத்தித்தான் வரணும்னுறான்” என்றார் அப்பா. தம்பியின் உதடு நீலம் பாரித்தது. அப்பா மழையில் இறங்கி ஓடினார்.

“ஏன்டி முழிச்சிக்கிட்டு நிக்கிற? மாரியம்மாவக் கும்புடுடி!” என்று அம்மா கத்தினார்.

படத்துக்கு முன்னால் முட்டி போட்டேன். திருவிழாவில் வாங்கிய பச்சை வளையலைத் தருவதாக நேர்ந்துகொண்டேன். வெளியே ஒவ்வொரு வீடாகச் சத்தம் அடங்கியது. ஸ்ரீலங்கா தோற்றுவிட்டது போல என்று நினைத்தேன். கடைசிச் சத்தமும் ஓய்ந்தபோது எங்கள் பல்பு பளீரென்று வெளுத்தது. மெஷின் உறுமியது. தம்பி ஆவியை இழுக்க இழுக்க, உதட்டில் பழைய நிறம் வந்தது. ஆட்டோ வந்து சேர்ந்தபோது அவன் அம்மா மடியில் உட்கார்ந்து பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாரியம்மாவிடம் காரியம் இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். பக்கத்து வீட்டுச் சித்தப்பா பல் விளக்கிக்கொண்டே எதிர்வீட்டுக்காரரிடம், “என்னாங்க, நேத்து யாரு ஜெயிச்சா?” என்றார்.

“நல்லா கேட்டீங்க! கடைசி ஓவர்ல டிவிய அமத்துனவன் நானு. எனக்கென்னா தெரியும்?”

“அப்ப கடையில பேப்பர் வரட்டும்.” என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாப்பா, தம்பி தூங்குனானா?”

“தூங்குனான் சித்தப்பா” என்றேன். லயமே உட்கார்ந்து பார்த்த மேட்சில் யார் ஜெயித்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே சிரிப்பு.

இப்போது விளக்கேற்றும்போது, அப்பா மழையில் ஓடி ஏறி இறங்கிய அந்த வாசல்களையும் வரிசையாக நினைத்துத்தான் கும்பிடுகிறேன். மாரியம்மா எந்தெந்த வாசல் வழியாக எங்கள் காம்பராவுக்கு வந்தாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.