முடிச்சூர் வீட்டைத் தேடிய சர்வர்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறவர்கள் மேலே படிக்க வேண்டாம். பேய் என்றால் அமாவாசை, புளியமரம், மல்லிகைப்பூ வாசனை என்று காத்திருக்கிறவர்களும் இப்போதே கழன்றுகொள்ளலாம். இது பட்டப்பகலில், மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், ஒரு மொபைல் கடையின் மாடியில் நடந்தது. கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தன.

விஷ்ணுப்ரியா பயந்த சுபாவம் கிடையாது. அவளுடைய குறை வேறு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடுவாள். "வேலையை விட்டுட்டு வா விஷ்ணு, முழுசா நம்ம கம்பெனியப் பார்க்கலாம்" என்று கல்லூரி நண்பன் ஷ்யாம்சுந்தர் சொன்ன ஒரு வார்த்தைக்காக, நல்ல டீச்சர் வேலையை அந்த மாதம்தான் விட்டிருந்தாள். பிள்ளைகளுக்கு ஆன்லைனில் மாதிரித் தேர்வு நடத்துகிற சின்னக் கம்பெனி அது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக் குழுமத்தோடு ஐந்து வருட ஒப்பந்தம். ஷ்யாமும் அவளும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் ஐந்து வருடத்துக்கு இருவரும் பிரிய முடியாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஷ்யாம் அவளுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி.

அதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் உள்ளே வந்தாலும் படுத்துவிடாத சர்வர் ஒன்றை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். மூன்று கம்பெனிகள் சோதித்துப் பார்க்கத் தலைக்கு ஒரு சர்வர் தருவதாகச் சொல்லி, முகவரியும் பாஸ்வேர்டும் அனுப்பியிருந்தன. ஒன்று மும்பையில், ஒன்று சிங்கப்பூரில், மூன்றாவது பக்கத்திலேயே சிறுசேரியில்.

விளம்பரத்தில் எல்லா சர்வரும் புலிதான். "போர்டுல போட்ட ஸ்பீட நம்பாத. மழை நாளா பாத்து நீயே அள" என்று கேசவன் சொல்வான். கேசவன் கம்பெனியின் மூன்றாவது பங்காளி. நெட்வொர்க் வேலை முழுக்க அவன்தான் பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முந்தின டிசம்பர் புயலில் செத்துப்போனான். திருமுடிவாக்கத்தில் அவர்கள் சர்வர் வைத்திருந்த தரைத்தள அறையில் வெள்ளம் ஏறியது. உள்ளே போனவன் கரண்ட் அடித்து விழுந்துவிட்டான். "வேணாம் மச்சான்னு எவ்வளவோ சொன்னேன். மிஷினக் காப்பாத்தறேன்னு அவனாதான் போனான்" என்று சாவு வீட்டில் ஷ்யாம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இவளும் அழுதாள்.

கேசவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சர்வர்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பிங். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை "இருக்கியா?" என்று கூப்பிடும். அது "இருக்கேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கூப்பாட்டுக்குள் வழக்கமாக அர்த்தமில்லாத எழுத்துகள்தான் இருக்கும். கேசவன் அதற்குள் ஏதாவது எழுதி அவள் வீட்டு இணைப்புக்கு அனுப்பிவிடுவான். சாப்டியா. கரண்ட் இருக்கா. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அவளைப் பிரியா என்று கூப்பிட்டதும் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கெல்லாம் அவள் விஷ்ணு.

அன்று வியாழக்கிழமை. நவம்பர் மழை காலையிலிருந்தே ஊற்றியது. ஷ்யாம் பல்லாவரத்தில் பள்ளிக்காரர்களோடு இருந்தான். அம்மா படப்பையில் அக்கா வீட்டில். முடிச்சூர் வீடு பூட்டிக் கிடந்தது. ஆபீசில் அவள் மட்டும் உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தாள்.

மும்பை இருபத்தெட்டு மில்லிசெகண்டில் பதில் சொன்னது. மழையில் நடுநடுவே சில பதில்கள் தொலைந்தன. சிங்கப்பூர் இன்னும் கொஞ்சம் மெதுவாக, ஆனால் நிதானமாக வந்தது. சிறுசேரி சர்வர் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாகப் பதில் சொன்னது.

அது எப்படி? சிறுசேரி பக்கம்தான். ஆனாலும் வயர் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டுதான் வரும். நாலைந்தாவது காட்ட வேண்டும். இது அதே அறையில் இருக்கிற மிஷின் சொல்கிற பதில். அவள் தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தண்ணீர் கேனும் ஒரு நாற்காலியும்தான் இருந்தன.

சரி, பெரிய ஃபைல் ஒன்றை இழுத்துப் பார்க்கலாம் என்று அந்த சர்வருக்குள் நுழைந்தாள். அங்கே இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. அவள் எதுவுமே தொடங்கவில்லை. ஆனால் சர்வர் எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒன்று. சின்னச் சின்னப் பிங். யாரையோ கூப்பிடுகிறது. பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறது.

எந்த முகவரிக்கு என்று பார்த்தாள்.

அவளுடைய வீடு. முடிச்சூர் வீட்டு இணைப்பின் முகவரி. மாறாத முகவரியாக வாங்கி, ரௌட்டரைச் சுவரில் மாட்டிக் கொடுத்தவன் கேசவன்.

அவள் அதை நிறுத்தினாள். நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடி தொடங்கியது. மிஷினையே அணைத்து எழுப்பினாள். எழுந்ததும் முதல் காரியமாக அவள் வீட்டைக் கூப்பிட்டது.

போனை எடுத்தாள். முடிச்சூர் ஃபிளாட் குழுவில் செய்தி: 'கரண்ட் போச்சு. ஈபிக்குச் சொல்லியாச்சு.' அதனால்தான் வீட்டு ரௌட்டர் பதில் சொல்லவில்லை. அது புரிந்தது. கூப்பிடுவது யார்?

டப்.

ஆபீசிலும் கரண்ட் போனது. மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. மும்பை நின்றது. சிங்கப்பூர் நின்றது.

மூன்றாவது நிற்கவில்லை...

இணைப்பே இல்லை. இருந்தும் திரையில் வரி மேல் வரி ஓடியது. நொடிக்கு ஒன்று பத்தானது. பத்து நூறானது. பதில் இல்லை... பதில் இல்லை... பதில் இல்லை...

அதில் ஒரு கூப்பாட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

ஆங்கில எழுத்தில் தமிழ்.

பிரியா வெளிய வா.

அடுத்தது.

பிரியா வெளிய வா.

அடுத்தது...

செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

டீக்கடை ஓரம் நனைந்தபடி நின்றாள். அவள் வெளியேதான் வந்துவிட்டாள். கட்டடம் இடியவில்லை. ஒன்றும் ஆகவில்லை. போன் அதிர்ந்தது. ஃபிளாட் குழு: 'கரண்ட் வந்துடுச்சு.' கூட்டத்தோடு நின்றதில் கொஞ்சம் தைரியம் வந்து, லேப்டாப்பை எடுக்க மேலே போனாள். திரை அசையாமல் இருந்தது. கடைசி வரியில் மட்டும் ஒரு பதில். அவள் வீட்டு ரௌட்டர் "இருக்கேன்" என்று சொல்லியிருந்தது. அதோடு கூப்பாடு நின்றுபோயிருந்தது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மூன்றாவது கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மேடம், சாரி. மழையால உங்க மிஷினுக்கு நெட்வொர்க் கேபிளே இன்னும் சொருகல. நாளைக்குத்தான் ஆன் பண்ணுவோம்" என்றாள் போனை எடுத்த பெண்.

சாயங்காலம் ஷ்யாமுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். சர்வரின் விஷயத்தைச் சொன்னாள், அந்த மூன்று வார்த்தையைச் சொன்னாள். வேறு யார் பெயரையும் எடுக்கவில்லை.

"யாரோ விளையாடறாங்க, விஷ்ணு. விட்டுத் தள்ளு."

"ம்."

"வேற ஏதாவது எழுதியிருந்தானா?"

"யாரு?"

போன் கட்டாகிவிட்டது.

ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி அவளைத் தூங்க விடவில்லை. விடிந்ததும் திருமுடிவாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தாள். கேசவன் செத்த கட்டடத்துக்கு அவள் அதுவரை போனதில்லை. ஷ்யாம்தான் போக விட்டதில்லை. "நீ தாங்க மாட்ட" என்பான். இவளும் அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டாள்.

வாசலில் வாட்ச்மேன் ரத்தினம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா?"

"இங்க இறந்துபோன கேசவனோட ஃபிரெண்டு. பேரு விஷ்ணுப்ரியா."

அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"பிரியாவா? நீதான் அந்தப் பிரியாவாம்மா? அப்ப அன்னிக்கு நீ உள்ள இல்லியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"இடுப்பளவு தண்ணிம்மா. அந்தத் தம்பி வாசல்ல நின்னுகினு, பிரியா வெளிய வா, பிரியா வெளிய வான்னு கத்திகினே கீறாரு. உள்ள யாரும் இல்ல சார்னேன். வூட்லயும் இல்லியாம், போனும் போவலியாம், உள்ளதான் மாட்டிக்கினாளாம்னாரு. அப்புறம் யாருக்கோ போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாரு. அந்தாளு, 'அவ உள்ளதான்டா இருக்கா, நான்தானே அனுப்பினேன், மிஷினையும் சேத்து எடுத்துகினு வந்துடு மச்சான்'னாரு. தம்பி அதக் கேட்டுட்டுதாம்மா எறங்குச்சு."

"எத்தனை மணிக்கு?"

"காலீல. ஒரு ஒம்போது, பத்து இருக்கும். போலீசு வந்துச்சு, அந்தாளுதான் எல்லாம் பேசினாரு. என்ன யாரும் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து நடக்கவில்லை. கேபிள் இல்லாத மிஷினிலிருந்து கூப்பிட்டது எது, எப்படி என்று இன்றைக்கு வரைக்கும் யாராலும் விளக்க முடியவில்லை. விஷ்ணுப்ரியா அதைக் கேட்பதையும் விட்டுவிட்டாள். அவளைத் தின்பது அந்தப் புயல் நாள் காலைதான்.

அன்று அவள் எங்கே இருந்தாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததால், முந்தின நாளே ஷ்யாம் காரில் வந்து அவளையும் அம்மாவையும் சேலையூரில் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தான். அவள் போனில் சிக்னல் இல்லை. காலை ஒன்பதரை மணி இருக்கும். ஷ்யாமின் மனைவி மிருதுளா உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். இவள் காபி கலந்தாள். ஷ்யாம் பால்கனியில் நின்று போன் பேசிவிட்டு உள்ளே வந்தான்.

"கேசவனா? எங்க இருக்கானாம்?"

"வீட்லதான்."

"இந்த மழையில எங்கயும் போக வேண்டாம்னு சொல்லு ஷ்யாம்."

"சொல்லிட்டேன்" என்று, அவள் நீட்டிய காபியை வாங்கிக் குடித்தான்.