மூன்றடி நாலரை அங்குலம்

என் அப்பாவுக்கு அவர் வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலையில் ‘பஞ்சுச் சூளை’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பஞ்சைச் சூளையில் வைத்துச் சுட்டவர் என்று அர்த்தம். அப்படியொன்றும் அவர் செய்துவிடவில்லை. ஒரு மெத்தைக்கு அளவு எடுக்கும்போது, களிமண்ணுக்குச் சேர்ப்பதுபோல எட்டில் ஒரு பங்கைக் கூட்டிவிட்டார் என்று விருத்தாசலத்தில் எல்லாரும் நம்பினார்கள். அவரே ஒத்துக்கொண்ட பிறகு நம்பாமல் என்ன செய்வார்கள், பாவம்.

பச்சை மண்ணில் செய்த எந்தப் பொருளும் காயும்போது கொஞ்சமும் வேகும்போது கொஞ்சமுமாகச் சுருங்கிப்போகும். எட்டு அங்குலத்தில் ஒரு ஜாடி வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு செய்ய வேண்டும். அப்பா அச்சுப் பிரிவில் மேஸ்திரி. எங்கள் தெருவில் பாதிப் பேர் பீங்கான் வேலைக்காரர்கள். அந்த எட்டில் ஒரு பங்கு அவர்களுக்குக் கணக்கே இல்லை, கைப்பழக்கம். அதனால்தான் மெத்தைக் கதையைக் கேட்டதும் யாரும் ‘அப்படியா’ என்று கேட்கவில்லை. ‘நம்மாளு செய்யக்கூடியவன்தான்’ என்று சிரித்தார்கள்.

அறுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் மல்லாந்தே கிடந்ததில் முதுகெல்லாம் புண். டாக்டர் சொன்னதன்பேரில் அப்பா புதுச்சேரிக்குப் போய், ஓர் ஆஸ்பத்திரியில் இரவலாகத் தண்ணீர் மெத்தை ஒன்றை வாங்கி ரயிலில் கொண்டுவந்தார். தடித்த ரப்பர் பை அது. ஒரு மூலையில் வாய். குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றித் திருகிவிட்டால் பசுமாட்டு வயிறுபோல உப்பிக்கொள்ளும். அது சரிந்து ஓடாமல் இருக்க, நாலு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை அடித்த கட்டில் ஒன்றை அப்பா தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கினார். தண்ணீர் மெத்தை அந்தப் பலகைகளின் விளிம்புமட்டும் நிறைந்து நின்றது.

எனக்கு அதைப்போல ஒரு விளையாட்டுச் சாமான் அதுவரை வாய்த்ததில்லை. கால்மாட்டில் நான் ஒரு அமுக்கு அமுக்கினால் தலைமாட்டில் அம்மா ஒரு விரற்கடை எழும்புவாள். காதை வைத்தால் உள்ளே களுக் களுக் என்று ஏதோ பேசும். பள்ளிக்கூடத்தில் என் மதிப்பே அந்த மெத்தையால் உயர்ந்திருந்தது. அம்மாவுக்கு அது குமட்டிக்கொண்டு வந்தது என்பதை நான் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள்கூட ‘அமுக்காதே’ என்று அவள் சொன்னதில்லை.

புண் ஆறியது. எலும்பும் கூடிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் மெத்தை இனி வேண்டாம், பஞ்சைக் கெட்டியாக அடைத்து ஒரு மெத்தை தைத்துப் போடுங்கள் என்றார். தண்ணீரில் கையை ஊன்றினால் கை உள்ளே போகுமே தவிர உடம்பு எழும்பாது. கெட்டி மெத்தையில் கையை ஊன்றி அவளாகவே எழ வேண்டும், காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும், பிறகு நிற்க வேண்டும் என்றார். போகும்போது அப்பாவைத் தனியே கூப்பிட்டு, இந்த ஒரு மாதத்தை விட்டுவிட்டால் அப்புறம் கால் விறைத்துப்போகும், எழுந்து நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொன்னார். தனியே சொன்னது எங்கள் எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது. இரண்டு அறை வீட்டில் தனி ஏது.

பிரச்சினை அத்தையிடம் இருந்து வந்தது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாய் தகப்பன் இல்லாமல் போன தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அம்மா விழுந்த மறுநாளே கம்மாபுரத்தில் இருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். அம்மாவைத் துடைத்து, புரட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, எனக்குச் சடை பின்னி, அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, எல்லாம் அவள்தான். அவளை நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவளுக்குப் பயம் அதிகம். பலகைக் கட்டில் வருவதற்கு முன்பு ஒரு தரம் அம்மா தானாக எழப் பார்த்துக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். அத்தை ஒற்றை ஆளாகத் தூக்கினாள். அதனால் அந்தப் பலகைகள் அவளுக்குச் சாமிக்குச் சமானம்.

புது மெத்தையை அதே கட்டிலில் போடுவது, நாலு பலகையும் நின்றபடி நிற்பது என்று அத்தை தீர்மானித்தாள். பஞ்சு மெத்தை நாலு விரல் உயரந்தான் இருக்கும். அதில் படுத்தால் அம்மா தொட்டிக்குள் கிடப்பதுபோலக் கிடப்பாள். இடுப்பு முறிந்து கூடியவள் அந்தப் பலகையைத் தாண்டிக் காலை வெளியே போட முடியாது. எழுந்து உட்கார வேண்டுமென்றால் முன்போலவே இரண்டு பேர் வந்து தூக்க வேண்டும்.

அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“அண்ணி, ஒரு பக்கத்துப் பலகைய மட்டும் எடுத்துட்டா நானே காலத் தொங்கப் போட்டுக்குவேன். எல்லாத்துக்கும் உங்களக் கூப்பிட வேணாம் பாருங்க.”

“கூப்புட்டா நான் வராமலா இருக்கேன்? தூக்கத்துல உருண்டு வுழுந்துட்டின்னா இன்னொரு தடவ உன்ன அள்ளி எடுக்க எனக்கு மனசுல தெம்பு இல்லம்மா.”

அத்தையின் குரல் உடைந்துவிட்டது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அக்கா ஒன்று சொன்னால் எதிர்த்து ஒரு எழுத்துப் பேசாத மனிதர் அவர். நானும் அத்தை கட்சிதான். அம்மா மறுபடி விழுந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கும். பெரிய மனுஷிபோல ‘பலகை இருக்கட்டும்மா’ என்று வேறு சொன்னேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அப்பா துணி நாடாவை எடுத்துக்கொண்டு கட்டிலை அளக்க வந்தார். அம்மா தண்ணீர் மெத்தையில் படுத்திருந்தாள். அத்தை அடுப்படியில் இருந்தாள். நீளத்துக்கு நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன். உள்ளளவு சரியாக ஆறடி. எழுதச் சொன்னார், என் நோட்டில் எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருந்ததால் அகலத்துக்கு மறுமுனையை அம்மாவிடம் நீட்டி, அந்தப் பக்கத்துப் பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா நாடாவைப் பலகைக்கு மேலாக இழுத்து, வெளிப்பக்கம் தொங்கவிட்டு, அங்கே அமுக்கிப் பிடித்தாள். ஒரு கை அகலத்துக்குமேல் நாடா வெளியே போயிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு குறும்பு. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அம்மாவும் நானும் மட்டும் ஒரு கூட்டு என்பது புரிந்தது, அந்தச் சந்தோஷம் போதுமானதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா தன் பக்கம் குனிந்து நாடாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிராமலே, “எழுதிக்க. மூணடி நாலரை அங்குலம்” என்றார்.

மெத்தை தைக்கிற பாய் கடைத்தெருவில் இருந்தார். நோட்டுத் தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தாயிற்று. மெத்தை தயாரான அன்று காலையில் ரப்பர் பையின் வாயைத் திருகித் தண்ணீரைத் தவலையில் பிடித்து வாழைக்கு ஊற்றினோம். அதைச் சுருட்டிச் சாக்கில் கட்டி, அத்தை பின்வாசல் வழியாகத்தான் வெளியேற்றினாள். சாவு விழுந்த வீட்டில்தான் படுத்தவர் மெத்தை தலைவாசலைத் தாண்டும், நோயாளி உயிரோடு இருக்கையில் அது நடக்கக் கூடாது என்பது அவள் சாத்திரம். நோயாளிக்கென்று வந்த புதுத் துணியில் கத்திரி வைப்பதும் ஆகாது. அம்மாவுக்குத் தைத்த ஜாக்கெட் ஒன்று தொளதொளவென்று வந்தபோதுகூட அவள் பிரிக்க விடவில்லை. இது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

பாய் வண்டியில் மெத்தையைக் கொண்டுவந்தார். கோடு போட்ட துணி, கல்லுப்போல இறுக்கம். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பக்கமும் தலையணை கொடுத்திருந்தோம். பாயும் அப்பாவும் மெத்தையைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். உட்காரவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் பலகையின் மேல் ஏறிக்கொண்டது. பாய் முழங்காலை வைத்து அழுத்தினார். நடுவில் திமில்போல ஒரு மேடு கிளம்பியது. நான் சிரித்துவிட்டேன்.

“தாள்ல எழுதுன அளவுதான் மேஸ்திரி, நூல்கூட மாறல” என்று பாய் தாளை எடுத்து நீட்டினார். “வேணும்னா எடுத்துட்டுப் போயி பிரிச்சுக் கொறச்சுக் குடுத்துடறேன்.”

“பிரிக்கறதா? உள்ள வந்தத வெளிய எடுத்துட்டுப் போறதா? நல்லாருக்குது” என்றாள் அத்தை. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள். “யாரு அளவு புடிச்சது?”

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நாத்தனாரின் கையால் உண்டு, அவள் கையால் குளித்து, அவளையே ஏமாற்றினாள் என்ற பேர் அடுத்த நிமிஷம் வரப்போகிறது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“நான்தான்க்கா” என்றார் அப்பா. “கட்டில் மூணடிதான். பழக்க தோஷம், மண்ணுக்குச் சேக்கற மாதிரி எட்டுல ஒண்ணு சேத்துச் சொல்லிட்டேன்.”

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “பஞ்ச வேக வெக்கப் போறியா தம்பி நீ” என்று கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது அவள் முன்னால் மூன்று வழிதான் இருந்தது. மெத்தையைப் பிரிக்கலாம், வெளியே அனுப்பலாம், பலகையைக் கழற்றலாம். முதலாவது ஆகாது. சுருட்ட வராத அந்த மெத்தை குறுகலான பின்வாசலில் நுழையாது, தலைவாசல் வழியாக அனுப்புவதும் ஆகாது. அப்பா சுத்தியலை எடுத்துவந்து, வாசல் பக்கத்துப் பலகையைத் தட்டிக் கழற்றினார். ஆணிகள் கீச்சிட்டுக்கொண்டு வந்தன. மெத்தை மூன்று விரல் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

அத்தை ஊருக்குப் போகும்வரை அந்தத் திறந்த பக்கத்தின் கீழே பாய் விரித்துப் படுத்தாள். அம்மா ஒரு நாளும் விழவில்லை. மூன்றாம் வாரம் மெத்தை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொங்கலுக்குப் புழக்கடைவரை நடந்தாள். எங்கள் அப்பாவோ தெருவில் தலைகாட்ட முடியவில்லை. டீக்கடையில், ரயிலடியில், கோயில் வாசலில், பார்க்கிறவர்கள் எல்லாம் பஞ்சு வெந்ததா என்று விசாரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். நானும் பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையை நடித்தே காட்டினேன். அம்மாவும் நானும் செய்த தந்திரத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, அந்த மட்டும் நாணயம். அப்பா நன்றாக ஏமாந்தார், தன் கணக்குதான் தப்பு என்று அவரே நம்பிவிட்டார் என்று நினைத்து உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை.

கல்யாணமாகி ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, அந்த மெத்தைக்குப் புது உறை தைக்க உட்கார்ந்தேன். அகலம் அளந்தேன், மூன்றடி நாலரை அங்குலம். நீளம் அளந்தேன். ஆறடி. ஒரு நூல் கூடவில்லை. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மண் அகலத்தில் மட்டுமா சுருங்கும்? பழக்க தோஷத்தில் சேர்த்திருந்தால் நீளத்திலும் அல்லவா சேர்த்திருப்பார்? அம்மாவின் கை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கட்டிலுக்குத் தச்சரிடம் அளவு சொன்னவரே அவர்தான். நாடாவைப் பார்த்த அந்தக் கணமே தெரிந்திருக்கும். தெரிந்துதான் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது கோபந்தான். ‘பலகையை எடுத்துடலாம்க்கா’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு வாயில்லாமல், ஊர் முழுக்கச் சிரிக்கிற சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டாரே, என்ன மனுஷர் இவர் என்று இருந்தது. தன் தொழிலில் ஒரு நூல் பிசகாத மேஸ்திரிக்கு அதைவிட அவமானம் வேறு என்ன இருக்க முடியும். கோபத்தின் பின்னாலேயே அழுகை வந்தது. கூடத்தில் அவர் கையில் பென்சிலோடு ஏதோ வரைந்துகொண்டிருந்தார். கேட்கவில்லை நான். கேட்டிருந்தாலும் மண்ணுக்குச் சேர்த்த கதையைத்தான் மறுபடி சொல்லியிருப்பார்.

மெத்தை வந்த அன்று எல்லாரும் சிரித்து ஓய்ந்து, அப்பா ஆணி கழற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா நாற்காலியில் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்க. அப்பா ஒரு தரம் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி ஆணியில் குனிந்துகொண்டார். ரொம்ப நேரம் உட்கார வைத்ததில் இடுப்பு வலிக்கிறது என்று நினைத்து, நான் வெந்நீர் வைக்க அடுப்படிக்கு ஓடினேன்.